இதில் கள்ளி எது?

ஒரு பெயர் பிழையாகக் காதில் விழுந்தால் திருத்தாமல் இருக்க என் மனுசனால் முடியாது. சந்தையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் ஒரு மீனைக் காட்டி இன்னொன்றின் பெயரைச் சொன்னால் போதும். நான் விலை பேசிக்கொண்டு நிற்கும்போதே இவர் மாடியால் இறங்கி வந்து, செட்டையைத் தூக்கிக் காட்டி விளக்கம் சொல்லத் தொடங்குவார். மீன்காரரின் முகம் கறுக்கும், விலை ஏறும். ஒரு செத்தவீட்டில் சுவரில் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்து, தன் மனுசன்தான் வண்ணத்துப்பூச்சியாக வந்திருக்கிறார் என்று பெண்சாதிக்காரி அழுதாள். "அது அந்துப்பூச்சி" என்று மெல்லமாகச் சொன்னவர் இவர். மெல்லமாகச் சொன்னதே பெரிய மரியாதை என்று நினைத்திருப்பார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் குணம்தான் அவரைக் கொண்டுபோய் உள்ளே வைத்தது என்று இவ்வளவு நாளும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பாதிதான். மற்றப் பாதியைப் போன மாதம் அவரே என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நித்திரையும் இல்லை, ஒருவரோடும் கதைக்க மனமும் இல்லை.

அவர் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சரோஜினிதேவி, வீட்டு வேலையைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல முந்தி ஒரு பதில் வைத்திருந்தேன், இப்போது யாரும் கேட்பதில்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் வளர, எங்கள் வீட்டில் புழு வளர்ந்தது.

இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர் கிளறன்ஸ். அதே கொம்பனியில் இவரோடு வேலை செய்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கி மனுசன். கொட்டாஞ்சேனையில் பழைய காலத்து வீடு, பின்னால் பெரிய வளவு. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு கிளறன்ஸ் மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்தபோது வலை, ஊசி, கண்ணாடிப் பெட்டிகள், ஒரு போத்தல் எல்லாவற்றையும் இவருக்கே விட்டுவிட்டுப் போனார். தங்கை டோரின் மட்டும் அந்த வீட்டிலேயே இருந்தாள். கலியாணம் செய்யாதவள், துணிச்சல்காரி, மூன்று பாஷையும் சரளமாகப் பேசுவாள். அவள் வளவில் நின்ற தேசி என்கிற எலுமிச்சை மரத்துக்காக இவர் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறுவார். எங்கள் மாடியில் சட்டியில் நின்றது ஒரே ஒரு கறிவேப்பிலைக் கன்று. நான் அதைக் கறிக்கு என்று வளர்த்தேன், அவர் புழுவுக்கு என்று வளர்த்தார்.

கறிவேப்பிலையையும் தேசி இலையையும் தின்று வளருகிற ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. வெள்ளைக்காரர் அதற்கு மோர்மன் என்று பெயர் வைத்தார்கள். ஒரு புருசனுக்குப் பல பெண்சாதிமார் என்று வாழ்ந்த ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருந்ததாம், அவர்களின் பெயர். ஏனென்றால் இந்தப் பூச்சியில் ஆண் எப்போதும் ஒரே மாதிரி. கறுப்பு நிறம், பின் இறகில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசை. பெண்கள் மூன்று விதம். ஒருத்தி ஆணைப் போலவே இருப்பாள். மற்ற இரண்டு பேரும் வேறு சாதிப் பூச்சிகளைப் பார்த்து உடுத்திக்கொண்டவர்கள். ஒன்றோடேயே உங்களால் சமாளிக்க முடியவில்லை, மூன்றைக் கட்டிய அவனைப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நான் ஏசுவேன்.

பார்த்து உடுத்தப்பட்ட பூச்சிக்கு ரோஸ் என்று பெயர். அதன் புழு தின்பது ஈஸ்வரமூலிக் கொடியை. கொடியில் நஞ்சு, அந்த நஞ்சு பூச்சியின் உடம்பில் தங்கிவிடும். ஒரு தடவை அதைக் கொத்திய குருவி ஓங்காளித்துத் துப்பும், பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே தூரப் போய்விடும். மோர்மன் பெண்ணிடம் நஞ்சு இல்லை, குருவிக்கு அவள் நல்ல சாப்பாடு. ஆனபடியால் நஞ்சுக்காரியைப் போலவே கறுப்பில் சிவப்புப் பொட்டு வைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பகலில் திரிவாள். குருவியும் ஏமாறும், படித்த மனுசரும் ஏமாறுவார்கள்.

வெளியே போகும்போது வாசலில் நின்று நெற்றிப் பொட்டை அழிப்பது குண்டும் சண்டையுமான அந்த வருசங்களில் எங்களுக்கெல்லாம் பழகிப்போயிருந்தது. தமிழ் என்று பஸ்ஸில் யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும். ஒருநாள் இவர் அதைப் பார்த்துவிட்டு, நீரும் மோர்மன் வேலை தொடங்கிவிட்டீர் என்றார். நான் பகிடி என்று எடுக்கவில்லை. அன்று முழுக்க முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தேன். பின்னேரம் தானே பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுக்கு ஒரு சோதனை வைப்பது இவர் வழக்கம். கையகலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரண்டு பூச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் ஊசி குத்தி விரித்து வைத்திருக்கும். ஒன்று அசல் ரோஸ், மற்றது அவளைப் போல உடுத்திய மோர்மன் பெண். பெயர் எழுதி ஒட்டவில்லை. வந்த மனுசன் வெயிலில் களைத்துக் கதிரையில் இருக்கவும், பெட்டியை மடியில் வைத்து, "இதில் கள்ளி எது?" என்று கேட்பார். வந்தவர்கள் முக்கால்வாசிப் பேரும் பிழையாகத்தான் காட்டுவார்கள். அசல்காரியின் சிவப்புத்தான் கண்ணைக் குத்துகிற சிவப்பு. பார்க்கிறவர்களுக்கு அவள்தான் வேசம் போட்டவள் போலத் தெரியும்.

பிறகு இவர் குரலைத் தணித்துச் சொல்லுவார், உடுப்பைப் பாராதேயுங்கோ, உடம்பைப் பாருங்கோ என்று. அசல்காரிக்கு இறகு மட்டுமல்ல, தலையும் வயிறும் சிவப்பு. கள்ளிக்கு உடம்பு கறுப்பு. உடுப்பை மாற்றினாள், உடம்பை மாற்ற அவளுக்கு முடியவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ பரிசு கொடுக்கிற ஆளைப் போல இருக்கும். நான் இவ்வளவும் பார்த்தது குசினி வாசலால். எங்கள் வீட்டில் விறாந்தையில் கதைக்கிறது குசினிக்குக் கேட்கும், அவ்வளவு சின்ன வீடு. உழுந்தை ஆட்டிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருந்துவிட்டு, வந்த ஆளுக்கு முதலில் குடிக்கத் தண்ணி குடுங்கோ என்று சத்தம் போடுவேன். பக்கத்தில் போய் இருந்து கேட்டதில்லை. குசினி வேலைக்குக் கை வேண்டும், காது சும்மாதானே இருக்கிறது.

மத்திய வங்கியில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருசம் டோரினும் அண்ணனோடு போய்ச் சேர முடிவு செய்தாள். வீட்டை விற்றாகிவிட்டது, உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ என்று இவருக்குச் சொல்லி அனுப்பினாள். சாமான் என்றால் முக்கியமாக அந்தப் போத்தல்தான். பூச்சியைச் சாகடிக்கிற போத்தல். அடியில் வெள்ளைச் சாந்து இறுகியிருக்கும், சாந்துக்குக் கீழே சயனைட். கிளறன்ஸ் காலத்துப் பூச்சிக்காரர் எல்லோரும் அப்படி ஒன்று வைத்திருந்தார்களாம். இவர் அதைத் திறந்து பல காலம். வயது போகப் போகக் கொல்ல மனம் வரவில்லை. புழுவை வளர்ப்பார், கூடு கட்டும், விடிய இறகு விரிந்ததும் மாடியில் நின்று விட்டுவிடுவார். ஆனால் கிளறன்ஸ் தந்தது என்று போத்தலை எறியவும் மாட்டார். சயனைட் என்றால் அந்த நாட்களில் ஆமிக்கும் பொலிஸுக்கும் நினைவு வருவது ஒன்றுதான், இயக்கப் பெடியள் கழுத்தில் கட்டியிருக்கிற குப்பி. அது என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் சண்டை பிடித்தபடியால்தான் கொட்டாஞ்சேனையில் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டோரின் அவரோடு பஸ் நிலையம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். சந்தியில் புதிதாக ஒரு செக்பொயின்ற். ஆமிக்காரப் பையன் அடையாள அட்டையைப் பார்த்தான், பையைத் திறக்கச் சொன்னான். போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து என்ன இது என்று கேட்டான். டோரின் சுறுசுறுப்பாக, அது என் தலையிடி மருந்து தம்பி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டாள். பையன் திருப்பிப் பைக்குள் வைக்கப் போனானாம். அப்போது இவர், அப்படி இல்லை டோரின், அது பிழை என்று சொல்லியிருக்கிறார். பிறகு அந்தப் பையனுக்கு நல்ல சிங்களத்தில், இது பொட்டாசியம் சயனைட், பழசு, வீரியம் குறைந்திருக்கும், ஆனாலும் மூடியைத் திறக்க வேண்டாம், உமக்குத்தான் ஆபத்து என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்.

டோரின் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, கதிரையில் இருந்து இதைச் சொன்னாள். அவர்கள் அவரை ஜீப்பில் ஏற்றும்போது யாரோ தள்ள, மூக்குக்கண்ணாடி விழுந்து ஒருவனுடைய சப்பாத்துக்குக் கீழே போய்விட்டதாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். தலையிடி மருந்து என்று ஒரு வார்த்தை, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லையே இந்த மனுசனுக்கு என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். டோரின் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கண்ணாடிப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, டோரினும் நானும், ஆமி அவரை ஒப்படைத்திருந்த பொலிஸுக்குப் போனோம். இவர் உண்மையில் பூச்சி பிடிக்கிற ஆள்தான் என்று காட்ட எங்களிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. மேசையில் பெட்டிகளை வரிசையாக வைத்தபோது, நிலையத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் வயதான மனுசன், குரலை உயர்த்தாதவர். எனக்குக் கதிரை போடச் சொன்னார். ஒவ்வொரு பெட்டியாகக் கையில் எடுத்து, நேரம் எடுத்துத்தான் பார்த்தார். இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறவர் விட்டுவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

உள்ளே போகிற கதவு அரைவாசி திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு நீட்டு மர வாங்கில் இவர் இருந்தார். சேட்டுப் பொத்தான் ஒன்று இல்லை, கண்ணாடி இல்லாத முகம் யாரோ வேறு ஆளின் முகம் போல் இருந்தது. நான் நின்ற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருக்குத் தூரத்தில் ஒன்றும் தெரியாது. இஞ்சேருங்கோ என்று கூப்பிட வாயெடுத்தேன். டோரின் என் கையை அழுத்தினாள்.

சின்னப் பெட்டி இன்ஸ்பெக்டர் கையில் வந்தபோது, இதில் மட்டும் ஏன் பெயர் இல்லை என்று கேட்டார். டோரின் அந்தச் சோதனையை அவருக்குச் சொன்னாள். வருகிற போகிற எல்லோருக்கும் இவர் வைக்கிற சோதனை என்று, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எது சரி என்று சொல்ல வந்தவளை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டோரினை வெளி விறாந்தையில் போய் இருக்கச் சொன்னார்.

பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னார். எனக்கு விளங்க வேண்டும் என்று சிங்களத்தில் மெல்ல மெல்ல, நடுவில் தமிழும் கலந்து சொன்னார். "பூச்சிக் கதை உண்மையாகவும் இருக்கலாம், நேற்றுக் கட்டிய கதையாகவும் இருக்கலாம். உண்மை என்றால் இந்த மனுசனுக்கு இதில் எது கள்ளி என்று தெரியும், இவ்வளவு காலம் ஒன்றாக இருந்த பெண்சாதிக்கும் தெரிந்திருக்கும். எது சரி என்று எனக்குத் தெரியத் தேவையில்லை. நீங்கள் ஒன்றைக் காட்டுங்கள். பிறகு உள்ளே போய், உன் பெண்சாதி ஒன்றைக் காட்டியிருக்கிறாள், அதையே நீயும் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்வேன். இரண்டு பேரும் ஒன்றையே காட்டினால் போத்தலைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, இன்றைக்கே ஆள்பிணையில் விடுகிறேன். காட்டாவிட்டால் கோப்பு மேலிடத்துக்குப் போகும். அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை."

பெட்டி என் முன்னால் இருந்தது. அவ்வளவு காலமும் வீட்டில் கிடந்த பெட்டியை அன்றுதான் நான் குனிந்து பார்த்தேன். இரண்டும் கறுப்பு. இரண்டுக்கும் முன் இறகில் வெள்ளைப் பட்டை, பின் இறகில் சிவப்புப் பொட்டுகள். இடப்பக்கத்தில் இருந்தவளின் சிவப்பு எடுப்பாகத் தெரிந்தது. வலப்பக்கத்தவள் கொஞ்சம் மங்கல். உடுப்பைப் பாராதேயுங்கோ, உடம்பைப் பாருங்கோ என்று இவர் விறாந்தையில் இருந்து சொல்வது போலவே காதில் வந்தது. பார்த்தேன். இடப்பக்கத்தவளுக்குத் தலையும் வயிறும் சிவப்பு. வலப்பக்கத்தவளின் உடம்பு கரி போலக் கறுப்பு. நான் வலப்பக்கத்தவளைத் தொட்டுக் காட்டினேன். எனக்குச் சந்தேகமே இல்லை. உலகத்தில் எதைப் பிழையாகச் சொன்னாலும் இதை அவர் பிழையாகச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். கடவுளே, வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மத்தியானத்துக்கு என்ன சமைக்கிறது என்று கூட யோசித்தேன்.

இன்ஸ்பெக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. கதிரையில் இருந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். உங்கள் மனுசன் கன நேரம் பார்த்தார் அம்மா, மற்றதைக் காட்டினார் என்றார்.

கண்ணாடி இல்லை, அவருக்குக் கண் தெரியாது என்று நான் எழும்பி நின்று கத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் வாயில் குழம்பியது. அதையும் கேட்டேன், கிட்டப் பிடித்தால் வடிவாகத் தெரிகிறது என்று அவரே சொன்னார் என்றார் இன்ஸ்பெக்டர். அது அவருடைய வீம்பு, கண் தெரியவில்லை என்று பூச்சி விசயத்தில் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று சொன்னேன். டோரின் உள்ளே ஓடி வந்து, மியூசியத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், இவ சொன்னதுதான் சரி என்று வாதாடினாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பூச்சிக்காரனுக்குத் தெரியாதது பெண்சாதிக்குத் தெரிகிறது என்றால், யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் மேலே உள்ளவர்கள் நினைப்பார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகியது. சட்டத்தரணி, மனு, தவணை, மறுபடியும் தவணை. டோரின் பயணத்தைத் தள்ளிப் போட்டாள், இன்னொரு தடவையும் தள்ளிப் போட்டாள், பிறகு அழுதுகொண்டு போனாள். பெட்டிகள் திரும்பி வரவில்லை. மாடியில் கறிவேப்பிலைக் கன்றில் புழு வைத்தது. முதலில் குருவி எச்சம் போல, பிறகு பச்சையாக. நான் ஒன்றையும் தட்டவில்லை. கன்றை மொட்டையாக்கிவிட்டுப் பறந்து போயின. கறிக்கு இலை வேண்டுமென்றால் கடையில் வாங்கினேன்.

கண்ணாடி விசயத்தை நினைத்து நினைத்து நான் ஆறவில்லை. கண் தெரியவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இவர் இப்போது வீட்டில் இருப்பார். அந்த வீம்பை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? கிடைக்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கோயிலில் சொன்னேன், கீழ்வீட்டு ருக்கியாவிடம் சொன்னேன். அவர் நல்ல மனுசன் லாத்தா, ஏசாதீங்க என்று, தன் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு, அவள் என்னை ஆற்றுவாள்.

போன மாதம்தான் பார்க்க அனுமதி கிடைத்தது. தெற்கே தூரத்தில் ஒரு முகாம். விடிய முதல் பஸ் எடுத்துப் போய், வாசலில் பையைக் கொட்டிக் காட்டி, வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனேன். நடுவில் கம்பிவலை. அந்தப் பக்கம் அவரைக் கொண்டுவந்து இருத்தினார்கள். மெலிந்து போயிருந்தார், தாடி வெள்ளையாக இருந்தது. நான் செய்வித்துக் கொடுத்தனுப்பிய புதுக் கண்ணாடி முகத்துக்குப் பெரிது. சட்டத்தரணி சொன்னதை நான் சொன்னேன், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன், முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டேன். அன்று நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தேன். ஆனால் அந்தக் கண்ணாடியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"கண் தெரியேல்லை எண்டு அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் விளங்காதது போலப் பார்த்தார். "எனக்கு வடிவாத் தெரிஞ்சது. கிட்டப் பாக்கிறதுக்கு எனக்கு என்னத்துக்குக் கண்ணாடி?"

"அப்ப ஏன் பிழையானதைக் காட்டினனீங்கள்?"

ஏதோ குற்றம் செய்தவர் போல மெல்லமாகச் சொன்னார். கலியாணம் முடித்த புதிதில் என்னையும் அவர் கேட்டிருந்தாராம், இதில் கள்ளி எது என்று. நான் அசலைக் காட்டிவிட்டு, பால் பொங்குது என்று உள்ளே போய்விட்டேனாம். எனக்கு அது நினைவே இல்லை. அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. இவளுக்கு இதில் விருப்பமில்லை, கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டாராம்.

"உன்ரை பெண்சாதி காட்டினதைக் காட்டு, விடுறன் எண்டு அவன் சொன்னான். நீர் எதைக் காட்டியிருப்பீர் எண்டு யோசிச்சுப் பாத்தன். அண்டைக்குக் காட்டினதைத்தானே காட்டியிருப்பீர். அதுதான் நானும் அதைக் காட்டினனான்."

செத்தவீட்டில் கூடப் பொய்க்கு இடம் கொடுக்காத மனுசன், தெரிந்துகொண்டு, அசல்காரியை விரலால் தொட்டு, இவள்தான் கள்ளி என்று ஒரு பொலிஸ்காரனுக்குச் சொல்லியிருக்கிறார். என்னோடு வீட்டுக்கு வருவதற்காகச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. சொல்லாமலே வந்துவிடலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தேன். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கறுப்பு உடம்புக்காரியைத்தான் காட்டினனான்" என்றேன்.

அவர் கம்பிவலைக்குக் கிட்டக் குனிந்தார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். வாறவை போறவை எல்லாருக்கும் சொன்னனீங்கள்."

"நீர் கேட்டுக்கொண்டோ இருந்தனீர்?"

அதைக் கேட்ட குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முப்பது வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவ்வளவு காலமும் இந்த மனுசன், தான் சொல்லுவதை அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்து மடியில் பெட்டியை வைத்தது அதனால்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவரை அங்கே வைத்திருப்பது ஒரு நோவு. இது வேறு நோவு, இது எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர் கம்பிவலையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். என் மனுசன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பின்னை ஆரின்ரை கதையைக் கேக்கிறது," என்றேன், "அந்த வீட்டிலை வேறை ஆர் இருந்தது?"

நேரம் முடிந்தது என்று காவலுக்கு நின்றவர் சொன்னார். இவர் தலையை நிமிர்த்தி என்னிடம் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தோளில் தட்டி எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.